காய வைத்த பூட்ஸ்

சாவதற்குச் சற்று முன்னால் ஜோத்தம் ஹேல்ஸி தன் மகனுடைய பூட்ஸைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. நாற்பத்துநாலு வருஷம் பார்த்துச் சலித்த முகம் அது. கட்டிலின் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கிய கண்கள் தரைப்பலகையில் தேங்கியிருந்த தண்ணீரில் கொஞ்சம் நின்றன. அங்கிருந்து நகர்ந்து, ஊறிக் கறுத்துப்போயிருந்த தோலில் வந்து நிலைத்தன. உதடுகள் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்ததால் முதல் சொல் வர நேரமானது.

“பூட்ஸ் நனைஞ்சிருக்கே,” என்றார். “கழட்டி நெருப்புகிட்ட வை. சளி பிடிச்சுக்கப்போகுது.”

அப்பா சொல்லி லெமுவல் உடனே செய்த காரியங்கள் மிகக் குறைவு. இதை உடனே செய்தான். பூட்ஸை இழுத்துக் கழற்றிக் கணப்பின் முன்னால் வைத்துவிட்டு, வெறுங்காலோடு திரும்பி வந்து, கட்டிலடியில் உருண்டு கிடந்த தகரக் குவளையை எடுத்துத் தண்ணீர் ஊற்றி அப்பாவின் வாயில் வைத்தான். தண்ணீர் உள்ளே போகவில்லை. கன்னத்தின் வழியாக இறங்கித் தலையணையை நனைத்தது. குவளையைப் பிடித்தபடியே நின்றவனுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விஷயம் உறைத்தது. அப்போது மதியம் மணி இரண்டரை.

ஹார்ட்வெல் ஊரில் ஜோத்தம் ஹேல்ஸி என்ற பேரைச் சொன்னால் அழுத பிள்ளை வாய் மூடும். பதின்மூன்று மாநிலங்களும் இங்கிலாந்து ராஜாவை உதறிவிட்டு, பிறகு தங்களுக்குள் அடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காக உட்கார்ந்து சட்டம் எழுதிய காலத்தில், அந்த மேஜையைச் சுற்றி இருந்தவர்களில் அவரும் ஒருவர். அப்புறம் ஹாலந்துக்குத் தூதராகப் போனார். பன்னிரண்டு வருஷம் செனட்டில் இருந்தார். ஒரே தேசமாக இருக்க வேண்டும், பிரிந்தால் கெட்டோம் என்பதை அவர் சொல்லாத மேடை கிடையாது. பிரிந்தே இருந்தவர்கள் என்று பார்த்தால் அவரும் அவர் மகனும்தான்.

லெமுவல் பதினைந்து வயதில் அப்பாவோடு ஹாலந்துக்குப் போய் அவருடைய கடிதங்களைப் படியெடுத்தான். திரும்பி வந்ததும் கல்லூரியில் சேர்த்தார்கள், கல்லூரி இரண்டாம் வருஷமே வீட்டுக்கு அனுப்பிவைத்தது. வக்கீல் அலுவலகம் திறந்தான். வந்தவர்கள் வழக்கைப் பற்றிப் பேசாமல் தகப்பனாரின் உடல்நலத்தை விசாரித்துவிட்டுப் போனார்கள். மனைவி டார்க்கஸ் மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தாய்வீட்டுக்குப் போனாள், அங்கேயே காய்ச்சலில் செத்தாள். அவள் போன துக்கத்தில் குடிக்க ஆரம்பித்தான் என்று ஊரில் சொல்வார்கள். குடித்ததால்தான் அவள் போனாள். ஆனால் முதலாவது கேட்பதற்கு நன்றாக இருந்ததால் அதுவே நின்றுவிட்டது.

கடைசிப் பத்து வருஷமாக அப்பாவுக்குக் கை நடுக்கம். அவருடைய கடிதங்கள் எல்லாம் லெமுவலின் கையெழுத்தில்தான் போயின. கோணல்மாணலான வாழ்க்கைக்குக் கொஞ்சமும் பொருந்தாத கையெழுத்து அவனுக்கு, அச்சடித்த மாதிரி இருக்கும். ஒரு தடவை ஃபிலடெல்ஃபியாவில் இருந்த பழைய சிநேகிதர் ஒருவருக்கு அப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தான். ‘என் மகன் என் முதுமையின் அவமானம்’ என்றார் அப்பா. லெமுவல் எழுதினான். பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, “அவமானத்தோட நிறுத்திக்கலாமா, இன்னும் இருக்கா?” என்று கேட்டான். “நிறுத்திக்கோ,” என்றார் அப்பா. இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அவனுக்கு மட்டும் பிறகு நினைத்து நினைத்துச் சிரிப்பு வந்தது.

இப்படி எழுதி எழுதி, அப்பாவின் வாக்கியம் எங்கே மூச்சு வாங்கும், எங்கே திரும்பும், எந்தச் சொல்லைக் கடைசிக்கு ஒளித்துவைக்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அது ஒன்றுதான் அவன் உருப்படியாகக் கற்ற தொழில்.

அப்பா செத்த அன்று உபவாச நாள். வருஷாவருஷம் ஏப்ரலில் கவர்னர் அறிவிப்பது. ஊரே வேலையை விட்டுவிட்டு, பட்டினியாக, காலையில் ஒரு பிரசங்கமும் மதியம் ஒரு பிரசங்கமும் கேட்க வேண்டும். அக்கா மெஹிட்டபிள் மூன்று வாரமாகப் படுத்துக் கிடந்த அப்பாவின் கட்டிலை விட்டு நகராதவள், மதியப் பிரசங்கத்துக்கு மட்டும் போய்வருகிறேன் என்று கிளம்பினாள். அப்பா பேரைச் சொல்லி ஜெபம் செய்யப்போகிறார்கள், சபைக்கூடத்தில் ஹேல்ஸி வீட்டு இருக்கை காலியாக இருக்கக் கூடாது. கட்டிலருகே ஒரு சிலேட்டு வைத்திருந்தாள். அப்பா வாயைத் திறந்தால் உடனே அதில் எழுதவேண்டும் என்பது அவள் உத்தரவு.

“ரெண்டு மணி நேரம், லெம். ரெண்டே ரெண்டு மணி நேரம் இந்த நாற்காலியில உக்காந்திரு,” என்றாள் தொப்பியின் நாடாவைக் கட்டிக்கொண்டே. “எந்திரிச்சே, அவ்வளவுதான். ஓஹயோவுல சித்தப்பா பிள்ளைக்கு எழுதி வெச்ச கடிதம் என் பெட்டியில தயாரா இருக்கு. காடு வெட்டப் போயிடலாம்.”

“உக்காந்திருக்கேன்க்கா,” என்றான். சொல்லும்போது அப்படித்தான் நினைத்தான்.

ஹார்ட்வெல்லில் இருந்த இரண்டு விடுதிகளிலும் அவன் பேர் ஒட்டப்பட்டிருந்தது. லெமுவல் ஹேல்ஸிக்கு மது ஊற்றக் கூடாது என்று ஊர்மன்றத்தார் மூவரும் கையெழுத்துப் போட்ட தாள், கோச்சு வண்டி வரும் நேரத்துக்கும் காணாமல்போன பசுமாட்டுக்கும் நடுவில் தொங்கியது. உபவாச நாளில் அந்த விடுதிகளும் அடைப்பு. ஆனால் வீட்டுப் புல்வெளியின் முடிவில் ஓடுகிற ஓடைதான் மாசச்சூசெட்ஸின் எல்லை. அந்தக் கரை நியூ ஹாம்ப்ஷயர். அங்கே வேறு கவர்னர், வேறு உபவாச நாள். பாலத்தில் போனால் சபைக்கூடத்து ஜன்னலிலிருந்து தெரியும் என்பதால், பனி உருகிப் பொங்கிக்கொண்டிருந்த ஓடையில் லெமுவல் இறங்கியே போனான். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கால் மணியில் வந்துவிடலாம் என்பது கணக்கு.

“வாங்க பிரபு!” என்றான் கரைக்கு அப்பால் விடுதி நடத்தும் பெலெக் டோ. “உங்க ஊர்ல இன்னைக்குச் சாமிக்காகப் பட்டினியாமே? எங்க கவர்னர் சாமிக்கு அடுத்த வாரம்தான் தேதி குடுத்திருக்கார். உக்காருங்க.”

கால் மணி ஒரு மணியானது. இரண்டு கிளாஸ் ரம், அவ்வளவுதான். அதற்கு மேல் குடித்த நாட்களில் இதைவிடக் குறைவான தப்புகள் செய்திருக்கிறான். திரும்பும்போது வழக்கம்போலச் சோம்பை வாயில் போட்டு மென்றுகொண்டான். நீண்ட பிரசங்கத்தில் தூக்கம் வராமல் இருக்க ஊரே சோம்பு மெல்லும், அதனால் அந்த வாசனையை யாரும் சந்தேகிக்க முடியாது. அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது குவளை. ஸ்டூலில் இருந்தது கட்டிலடியில் கிடந்தது. தண்ணீர் தரையில் ஓடியிருந்தது. போர்வைக்கு வெளியே நீண்டிருந்த அப்பாவின் கை ஸ்டூல் பக்கமாகத் திறந்தபடி இருந்தது. லெமுவல் கட்டிலருகே போய் நின்றான். திட்டட்டும் என்று காத்திருந்தான். தொண்டை வறண்டு கிடந்த மனிதர் பூட்ஸைப் பற்றித்தான் பேசினார்.

மூன்று மணி வாக்கில் முற்றத்தில் வண்டி வந்து நின்றது. மெஹிட்டபிள் முதலில் வந்தாள், பின்னால் போதகர் பெல்டிங். அவள் கட்டிலைப் பார்த்தாள், அருகில் போய் அப்பாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு சாவு வீட்டு வழக்கப்படி சுவர்க் கடியாரத்தை நிறுத்தினாள், கண்ணாடியின் மேல் துணியைப் போட்டாள். அவளுக்கு அழத் தெரியாது என்று இல்லை. எதை எப்போது செய்ய வேண்டும் என்று ஒரு வரிசை வைத்திருந்தாள். வரிசையில் அடுத்தது சிலேட்டு. அதை எடுத்துப் பார்த்தாள். காலியாக இருந்தது.

“எப்ப?” என்றாள்.

“ரெண்டரை.”

“ஒண்ணுமே சொல்லலியா?”

போதகர் அவன் தோளில் கை வைத்தார். “நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா லெமுவல். அவசரமே இல்ல. ஞாயித்துக்கிழமைப் பிரசங்கத்துக்குள்ள கிடைச்சாப் போதும்.”

அந்தப் பக்கத்தில் பெரிய மனிதர்கள் சும்மா சாவதில்லை. கடைசியாக ஒரு வாக்கியம் விட்டுச்செல்ல வேண்டும், அதைப் போதகர் பிரசங்கத்தில் வைத்து, பத்திரிகைக்காரர் அச்சடித்து, கல்தச்சர் கல்லில் வெட்ட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கத்து ஊரில் ஒரு கர்னல், தேசத்தைக் கடவுள் கையில் ஒப்படைப்பதாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். மூன்று மாநிலப் பத்திரிகைகளில் வந்தது. உயிரோடு இருந்தபோது அந்தக் கர்னல் இரண்டு வாக்கியம் கோர்வையாகப் பேசியதை யாரும் கேட்டதில்லை. அவருக்கே அப்படி என்றால் ஜோத்தம் ஹேல்ஸிக்கு எப்படி இருக்க வேண்டும்? போதகருக்கு எழுதக் கை பரபரத்தது.

மெஹிட்டபிளின் பார்வை கணப்பின் பக்கம் போனது. அங்கே பூட்ஸ் இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு, ஆவி விட்டபடி காய்ந்துகொண்டிருந்தன. அவள் பார்த்ததை லெமுவல் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை என்று சொன்னால், தூங்கினாயா, குடித்தாயா, எங்கே போயிருந்தாய் என்று வரும். உள்ளதைச் சொன்னாலோ, பூட்ஸ் எப்படி நனைந்தது என்று வரும். அவன் வாழ்நாளில் அப்பாவிடமிருந்து கிடைத்த ஒரே அன்பான பேச்சு அவனைக் காட்டிக்கொடுக்கிற சாட்சியாகவும் இருந்தது. ஒன்றைக் கையில் எடுத்தால் மற்றதும் சேர்ந்தே வரும். கண்ணை மூடிக்கொண்டான். பேனாவை மையில் தோய்த்து எடுக்கும் நேரம்தான் ஆயிற்று.

“கட்டியவர்கள் போகலாம், கட்டியது நிற்கட்டும்,” என்றான். சாதாரணப் பேச்சாக இல்லாமல், மேடையில் சொல்வது போல, அப்பா மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்கிச் சொன்னான்.

போதகர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்து வழிந்தது. “அவரேதான்,” என்றார். “அவர் குரலே கேக்குது.” மூக்கைச் சிந்திவிட்டு, “சொல்றப்போ கையைத் தூக்கினாரா?” என்று கேட்டார்.

“கொஞ்சம்.”

“ஜன்னல் பக்கமா?”

“ஆமா,” என்றான் லெமுவல். “ஜன்னல் பக்கமாத்தான்.”

மெஹிட்டபிள் சிலேட்டுக் குச்சியை எடுத்து அந்த வாக்கியத்தைத் தானே எழுதினாள். எழுதி முடிக்கும்வரை தம்பியை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தச் சிலேட்டு பிறகு கூடத்துச் சுவரில் மாட்டப்பட்டது, இன்றுவரை யாரும் அழிக்கவில்லை.

சவ ஊர்வலத்துக்கு ஆறு ஊர்களிலிருந்து வண்டிகள் வந்தன. போதகர் இரண்டே கால் மணி நேரம் பேசினார். வாக்கியத்தை முதலில் சொல்லாமல், நடுவில் இரண்டு தடவை அதன் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பி, கடைசியில் எடுத்து வைத்தார். சபைக்கூடம் முழுக்கப் பெருமூச்சு விட்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த லெமுவலைப் பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். இதுநாள்வரை அவனைக் கண்டால் பிள்ளைகளை இழுத்து மறுபக்கம் நடந்தவர்கள், வெளியே வந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் உன்கிட்டத்தானேப்பா சொன்னார் என்றார்கள். ஒருத்தி அவன் கையில் முத்தமே கொடுத்தாள்.

அதற்கு மறுவாரம், ஒரு காலை வேளையில், மெஹிட்டபிள் சமையலறையில் மக்காச்சோள மாவு பிசைந்துகொண்டிருந்தாள். லெமுவல் பீன்ஸ் பானையை அடுப்பிலிருந்து இறக்கிக் கொடுத்துவிட்டு நின்றான்.

“உன் பூட்ஸ் ஏன் நனைஞ்சிருந்தது?” என்றாள், மாவிலிருந்து கையை எடுக்காமல்.

“டோ கடைக்குப் போனேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் எதுக்கு கேக்கறே?”

“நீ சொல்றியான்னு பாத்தேன்.”

அவள் குரலில் கோபம் இல்லாததால் அவனுக்குத் தைரியம் வந்தது. பத்து நாளாக நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டியிருந்ததை ஒரே மூச்சில் கொட்டினான். ஓடையில் இறங்கியது, ஒரு மணி நேரம் ஆனது, குவளை கீழே கிடந்தது, அப்பாவின் கை. “என்னைத் திட்டவே இல்லக்கா. தண்ணி குடுன்னுகூடக் கேக்கல. பூட்ஸ் நனைஞ்சிருக்கே, கழட்டி நெருப்புகிட்ட வை, சளி பிடிச்சுக்கப்போகுதுன்னார். அதோட சரி. அதுக்கப்புறம் பேச்சே இல்ல. சத்தியமாச் சொல்றேன்.”

மெஹிட்டபிள் பிசைவதை நிறுத்தினாள். ஐம்பது வயது முகத்தில் என்னென்னவோ வந்து போயின. பொறாமை என்று சொல்லிவிடலாம், அதுவும் இருந்தது.

“அப்பா அப்படிப் பேசமாட்டார்,” என்றாள்.

“பேசினார்க்கா.”

“இருபத்தாறு வருஷம் அவரைப் பாத்துக்கிட்டவ நான். எனக்கு வந்த வரனையெல்லாம் திருப்பி அனுப்பிட்டு இந்த வீட்ல கிடந்தேன். பனியில கிணத்தடிக்குப் போயிட்டு விறைச்சுப்போய் வந்து நிப்பேன். கதவைச் சாத்து, காத்து வருதும்பார். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட என்கிட்ட சளி பிடிக்கும்னு சொன்னதில்ல.”

“என்கிட்டயும் சொன்னதில்லக்கா. அதனாலதான் சொல்றேன்.”

“குடிச்சிருந்தே. உனக்கு என்னவோ கேட்டிருக்கும்.”

“அப்ப அந்த இன்னொண்ணு? கட்டினது நிக்கட்டும்ங்கறது? அது நான் சொன்னதுக்கா. அப்பா சொல்லல.”

“இல்ல,” என்றாள் மெஹிட்டபிள், மாவைத் திருப்பிப் போட்டு அறைந்து. “அதுதான் அப்பா சொன்னது. பாஸ்டன்ல அச்சாகிடுச்சு.”

அவன் நகரப்போனபோது அவள் மறுபடி பேசினாள், அவனிடம் பேசுவது போல இல்லை. “மூணு வாரம் அவர் வாயைத் திறந்தப்பல்லாம் எழுதினேன். பால்ல ஆடை மிதக்குதுன்னார். திரையை இழுத்து விடுன்னார். அந்த நாய் ஏன் இப்படிக் குலைக்குதுன்னார். இதெல்லாம் எதுக்குன்னு தினமும் சாயங்காலம் அழிச்சு வெச்சேன், பெரிசா ஏதாவது சொல்றப்போ இடம் வேணுமேன்னு.” மாவு ஒட்டிய மணிக்கட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ஓஹயோவுக்கு எழுதின கடிதத்தைக் கிழிச்சுட்டேன். இனிமே உன்னை எங்க அனுப்பறது? உன்னைத் தேடி ஆளுங்க வருவாங்க.”

வந்தார்கள். ஆல்பனியிலிருந்து வந்தார்கள், ஹார்ட்ஃபோர்டிலிருந்து வந்தார்கள். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின விருந்தில் அவனை மேஜையின் தலைப்பக்கம் உட்கார வைத்தார்கள். அப்பாவின் அறையைக் காட்டச் சொல்வார்கள், அவன் காட்டுவான். இதோ இந்தக் கை, இதோ இந்த ஜன்னல். முதலில் கொஞ்சம் தூக்கிய கை மே மாதத்தில் தோளுக்கு மேலே போனது, ஜூனில் ஜன்னலுக்கு வெளியே மேகம் விலகி வெயில் அடித்தது. வந்தவர்கள் அவனைக் கையோடு அழைத்துக்கொண்டு விடுதிக்குப் போய், கதையை இன்னொரு தடவை அங்கேயும் சொல்லச் சொன்னார்கள். ஹார்ட்வெல் விடுதிக்காரர் ஒருநாள் சுவரிலிருந்த தாளைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். கிளாஸ் காலியாக இருந்தால் அவருக்கே பொறுக்காது. ஊர்மன்றத்தார் மூவரும் கண்டும் காணாமல் இருந்தார்கள். அவர்களும் அந்த மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

இதெல்லாம் லெமுவலுக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நாற்பத்துநாலு வயதில் முதன்முதலாக ஊர் அவன் பேச்சை வாய் பார்த்துக் கேட்டது. ஆனால் ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் முகம் கழுவும்போது, தொட்டித் தண்ணீரில் கை வைத்தவன் அப்படியே நின்றான். அப்பா பூட்ஸைப் பற்றிச் சொன்னார், சரி. எந்தக் குரலில் சொன்னார்? ‘பூட்ஸ்’ என்பதற்கு முன்னால் ஏதாவது சத்தம் வந்ததா? ‘சளி’ என்றாரா, ‘காய்ச்சல்’ என்றாரா? கையைத் தூக்கிய அப்பா பளிச்சென்று தெரிந்தார், விரல்களிடையே வெயில் உட்பட. பூட்ஸைப் பார்த்த அப்பா கலங்கலாக எங்கேயோ பின்னால் கிடந்தார். ஒவ்வொரு தடவை அதைச் சொல்லும்போதும் இது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. அப்பா செத்த அன்று வராத பயம் அப்போது வந்தது.

யாரிடமாவது சொல்லிவைத்தால் தேவலை என்று தோன்றியது. சொல்வதற்கு இன்னொரு காது வேண்டும், அது நம்ப வேண்டும். போதகரிடம் போக முடியாது. பிரசங்கம் புத்தகமாக வந்து இரண்டாம் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியான நேரம் ஓடையைத் தாண்டி டோ கடைக்குப் போனான். அந்தக் கரைக்காரர்களுக்கு ஹார்ட்வெல் பெருமையைப் பற்றிக் கவலை கிடையாது என்பது அவன் எண்ணம். இரண்டு மரக்கடைக்காரர்களும் பெலெக்கும் இருந்தார்கள். ஒரு மிடறுகூடக் குடிக்காமல், அன்று நடந்ததை நடந்தபடி சொன்னான்.

பெலெக் டோ மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். “தேசத்தையே கட்டினவர் கடைசியாப் பேசினது பூட்ஸைப் பத்தியா! யோவ், பிரமாதம்யா. இதையும் அந்தக் கல்லுல வெட்டச் சொல்லுங்க பிரபு. பின்பக்கம் இடம் இருக்கும்ல?”

“சளி பிடிச்சுக்குமாமே!” என்றான் மரக்கடைக்காரர்களில் ஒருவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எங்க ஆத்தா சொல்ற மாதிரியில்ல இருக்கு.”

லெமுவலும் சிரித்துவிட்டான். சிரிக்காமல் இருந்திருக்கலாம் என்று திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தான். பாலத்தின் மேல்தான் வந்தான், இப்போது ஒளிய வேண்டியது எதுவும் இல்லை.

அக்டோபரில் அப்பாவின் கல்லறைக் கல் வந்தது. இரண்டு எருதுகள் பூட்டிய வண்டியில் வைக்கோல் சுற்றி வந்த வெள்ளைப் பளிங்கு, ஆள் உயரம். கல்தச்சர் அப்னர் ரைஸ் திறப்புக்கு முந்தின நாளே அதை நிறுத்திவிட்டு, ஊர் பார்க்க வருவதற்குள் வீட்டு ஆள் ஒருத்தர் எழுத்தைச் சரிபார்த்துச் சொல்லட்டும் என்று ஆள் அனுப்பினார். ஊரில் எழுத்து விஷயம் என்றால் லெமுவல்தான். காலையில் கிளம்பி, வண்டிப்பாதையில் போகாமல் குறுக்கே புல்வெளியில் நடந்தான். ராத்திரி மழையில் முழங்கால் உயரப் புல் சாய்ந்து, நனைந்து கிடந்தது.

அப்னர் ரைஸ் தொப்பியை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். லெமுவல் மேலிருந்து கீழே படித்தான். பேர், பிறந்த வருஷம், ஹாலந்து, செனட். எல்லாவற்றுக்கும் கீழே, மற்றதைவிடப் பெரிய எழுத்தில் அந்த வாக்கியம். நன்றாகத்தான் வெட்டியிருந்தார். வாக்கியமும் நன்றாகத்தான் இருந்தது. அப்பா கேட்டிருந்தால் ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லியிருக்கமாட்டார், அவன் எழுதியதில் அவர் மாற்றாத முதல் வாக்கியமாக அது இருந்திருக்கும்.

“எல்லாம் சரியா இருக்குங்களா?” என்றார் கல்தச்சர். “ஏதாச்சும் விட்டுப்போச்சுன்னா இப்பவே சொல்லிடுங்க. நாளைக்கு ஊரே வந்திடும்.”

“எழுத்தெல்லாம் சரி.”

சொல்லிவிட்டு லெமுவல் போகவில்லை. கல்லின் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். பூட்ஸை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றினான். உள்ளே வரை ஊறியிருந்ததால் சிரமமாக இருந்தது. காலுறை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கிழக்கு வெயில் கல்லின் முகத்தில் அப்போதுதான் விழ ஆரம்பித்திருந்தது. பூட்ஸ் இரண்டையும் அந்தப் பெரிய எழுத்துகளுக்குக் கீழே, வாய் வெயிலைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வைத்தான்.

அப்னர் ரைஸ் பயந்துபோய்ப் பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார். “என்னங்கய்யா இது, யாராச்சும் பாத்தா...”

“பூட்ஸ் நனைஞ்சிருக்கே,” என்றான் லெமுவல்.

சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டான். இல்லை, அப்பா இவ்வளவு வேகமாகச் சொல்லவில்லை. உதட்டை நாக்கால் ஈரப்படுத்தாமல், காய விட்டு, இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். வெயில் ஏற ஏறப் பூட்ஸின் வாயிலிருந்து மெல்லிசாக ஆவி எழும்பி, கல்லின் எழுத்துகளை ஒட்டி மேலே போனது.